கொற்கை முதல் கோரல் மில் வரை: யார் வேலைக்கு என்ன கூலி?

ஏரல் என்றதும் பலருக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலும் ஆடி அமாவாசைக் கூட்டமும் தாமிரபரணியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே வயலும் பனையுமாக ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயர் கொற்கை. பள்ளிப் புத்தகத்தில் "பாண்டியரின் முத்துத் துறைமுகம்" என்று ஒரு வரியில் படித்து, ஒரு மார்க் வாங்கி, மறந்துபோன அதே கொற்கைதான். இன்று அங்கே கடல் இல்லை. ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் பல கிலோமீட்டர் கிழக்கே விலகிப் போய்விட்டது.

கடல் போனாலும் ஒரு கேள்வி போகவில்லை. ஒருவன் உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறான். ஒருவன் மேலே கயிறு பிடிக்கிறான். ஒருவன் படகு கொடுக்கிறான். ஒருவன் கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான். கிடைத்ததில் யாருக்கு எவ்வளவு? இதை யார் முடிவு செய்வது?

தூத்துக்குடிக் கரையின் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. முத்து, நூல், உப்பு என்று பொருள் மாறுகிறது. சண்டை மாறவில்லை.

கூலியே இல்லாத வேலை

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய கடல் வழிகாட்டி நூல் 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்'. இந்தியக் கரையின் துறைமுகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரும் அந்த நூல், பாண்டிய மன்னனுக்கு உட்பட்ட 'கொல்கி' என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடப்பதையும் சொல்கிறது. கொல்கி என்பது கொற்கைதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ரோமாபுரிச் சீமாட்டிகள் காதில் ஆடிய முத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் எல்லோரும் அடுத்த தகவலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அந்நூல்.

ஆக, இந்தக் கரையின் மிக ஆபத்தான வேலைக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய 'சம்பள விவரம்' பூஜ்யம். வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவு கூலி என்பது இயற்கை விதி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வேலை மிகக் கடினமாக இருந்ததால்தான் அதைக் கைதிகள் தலையில் கட்டினார்கள்.

சுறாவுக்கு மந்திரம் போட்டவர் பங்கு

அடுத்த சாட்சி மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர். ஏரலுக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் பழையகாயல்தான் அவர் வியந்து எழுதிய 'காயல்' துறைமுகம். இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி அவர் தரும் கணக்கு சுவாரஸ்யமானது. வியாபாரிகள் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வருவார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காதபடி மந்திரம் போடுபவருக்கு!

அந்த மந்திரம் பகலில் மட்டுமே வேலை செய்யுமாம். இரவானதும் மந்திரவாதியே அதை அவிழ்த்து விடுவாராம். ஏன்? ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்து எடுத்துவிடக் கூடாது. காவல்காரன் சம்பளம் மிச்சம்!

சிரிப்பு வரலாம். ஆனால் பொருளாதாரப் பாடத்தில் வரும் பெரிய விஷயம் இதில் இருக்கிறது. அந்த மந்திரத்தால் சுறா விலகியதா என்பது இங்கே முக்கியமில்லை. அவர் கரையில் நிற்கவில்லை என்றால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். அவர் இல்லாமல் வேலை நடக்காது என்று எல்லோரும் நம்பினார்கள், அதனால் அவருக்குப் பங்கு கிடைத்தது. இந்த வேலைக்குத் தமிழில் 'கடல் கட்டி' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு வரை இது தொடர்ந்தது. பரம்பரைத் தொழிலான அதைச் செய்தவர் அந்தக் காலத்தில் ஒரு கத்தோலிக்கர் என்று இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதியிருக்கிறார். ஆளின் மதம் மாறியது, மந்திரத்தின் மதிப்பு மாறவில்லை.

இன்றைக்கும் சில பதவிகளுக்கு ஏன் அவ்வளவு சம்பளம் என்று யோசிப்பவர்களுக்குக் கடல் கட்டி ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை.

மூன்று குவியல்

பிறகு போர்ச்சுக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் என்று தூத்துக்குடி கைமாறியது. முத்துக்குளிப்பு மட்டும் அரசின் உரிமையாகவே நீடித்தது.

19ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் படகுகள் கிளம்பும். விடியும்போது முத்துப்பார் வந்துவிடும். ஒரு படகுக்கு வழக்கமாக ஐந்து கல், பத்துக் குளியாட்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, ஒருவர் நேராக அடிக்குப் போவார். ஒரு நிமிடம், சற்றுக் கூடக் குறைய. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் போட வேண்டும். கயிற்றை இழுத்து சைகை கொடுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். அவர் ஒரு நொடி கவனம் பிசகினால் கீழே இருப்பவர் கதி அதோகதிதான். பிற்பகல் கடல்காற்றில் படகுகள் கரை திரும்பும்.

கரையில்தான் பங்கீடு. குளியாட்கள் தங்கள் சிப்பிகளை மூன்று சம குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். அரசு அதிகாரி வந்து, எது அரசுக்கு எது ஆட்களுக்கு என்று காட்டுவார். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. எது தன் கைக்கு வரும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. அதனால் ஏமாற்ற முடியாது. அண்ணன் தம்பிக்கு அம்மா அப்பளத்தை உடைத்துக் கொடுக்கும்போது "நீ உடை, அவன் எடுக்கட்டும்" என்பாளே, அதே தந்திரம்தான்.

எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று தோன்றும். குவியல்கள் சமம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏன் இரண்டுக்கு ஒன்று? ஏன் ஒன்றுக்கு இரண்டு இல்லை? அந்த விகிதத்தை எந்தக் குளியாளிடமும் கேட்டு வைக்கவில்லை. அரசின் வாதம், கடல் எங்களுடையது, பாரைக் கண்காணிப்பதும் காவல் காப்பதும் நாங்கள் என்பது. குளியாள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கடல் யாருடையதாக இருந்தாலும் மூச்சு என்னுடையது.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு குவியல் முழுவதும் மூழ்கியவருக்கு இல்லை. கயிறு பிடித்தவருக்கும் படகுக்காரருக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும். கிடைப்பதும் காசு இல்லை, திறக்காத சிப்பி. பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருக்காது. ஆக குளியாள் வாங்கியது கூலியா, லாட்டரிச் சீட்டா என்று கேட்கலாம். கடற்கரையிலேயே காத்திருக்கும் வியாபாரிகளிடம் அன்றைய விலைக்குச் சிப்பியை விற்றுவிட்டு வீடு போனவர்கள் பலர். விற்ற சிப்பிக்குள் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடப்பதும் இல்லை. பாரில் சிப்பி விளைந்தால்தான் உண்டு, சில வாரங்கள் மட்டுமே. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி. அதன் பிறகு பார்களில் போதுமான சிப்பி இல்லை. மூழ்கத் தெரிந்தவர்களுக்குச் சங்குதான் மிஞ்சியது.

1908: நூல் ஆலை நின்ற ஒன்பது நாள்

பங்கு போய் மாதக் கூலி வந்த கதை ஆலைகளோடு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் 1880களில் முதலில் பாபநாசத்தில் ஆலை வைத்தார்கள். பிறகு தூத்துக்குடியில் வந்தது கோரல் மில். ஆண், பெண், சிறுவர் என்று எல்லோரும் அதில் வேலை பார்த்தார்கள்.

அந்தக் காலச் சட்டம் எப்படி இருந்தது? 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேரம், 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 7 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. வயது வந்த ஆணுக்கு வரம்பே இல்லை. நெசவு, நூற்பு ஆலைகளில் ஆணுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வந்ததே 1911இல்தான். விடிந்ததும் உள்ளே போய் இருட்டும்போது வெளியே வருவது, குறைந்த கூலி, ஒழுங்கான விடுமுறை கிடையாது, சிறு தவறுக்கும் அடி. கோரல் மில் தொழிலாளர்களின் குறைகள் இவைதான்.

1908 பிப்ரவரியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். வ.உ.சி. அப்போது வெறும் வக்கீல் இல்லை. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கோரிக்கைகள் எளிமையானவை: கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மற்ற விடுமுறைகள்.

அப்போது இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் கிடையாது, அது வந்தது 1926இல். சென்னைத் தொழிலாளர் சங்கமே 1918இல்தான் பிறந்தது. சங்கம் இல்லை, சந்தா இல்லை, வேலைநிறுத்த நிதியும் இல்லை. பிறகு எப்படி ஒன்பது நாள் தாக்குப் பிடித்தார்கள்?

ஊர் தாங்கியது. நகரத்தில் பணம் திரட்டி உணவு கொடுத்தார்கள். சிலருக்கு வேறு வேலை கிடைத்தது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஊரில் 'சிறிய வேலை' என்று நினைக்கப்பட்ட ஒரு வேலை நின்றதும் அதன் மதிப்பு அந்த வக்கீலின் பாதிக் கன்னத்தில் தெரிந்துவிட்டது.

மார்ச் 6 வாக்கில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டார்கள். கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை தூத்துக்குடி வெற்றியைக் கொண்டாடி எழுதியது.

இது கூலிப் பிரச்சினையா, அரசியலா?

கருத்து வேறுபாடு இங்கேதான் கூர்மையாகிறது. அரசு அதிகாரிகளின் பார்வையில், அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள், கூலி என்பது சாக்கு, குறி ஆங்கிலேய ஆட்சி. வ.உ.சி. தரப்பின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். கூலியை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் ஆட்சியும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோரல் மில் வெள்ளைக்காரர் ஆலையாக இல்லாமல் இந்தியர் ஆலையாக இருந்திருந்தால் சுதேசிகள் இதே வேகத்தில் பேசியிருப்பார்களா? நியாயமான சந்தேகம்தான். ஏனென்றால் 1881, 1891 தொழிற்சாலைச் சட்டங்களை அந்தக் காலத் தேசியப் பத்திரிகைகளில் பல எதிர்த்தன. வேலை நேரத்தைக் குறைப்பது இந்திய ஆலைகளை ஒழிக்க லங்காஷயர் முதலாளிகள் செய்யும் சதி என்பது அவர்கள் வாதம். சதி இருந்திருக்கலாம். ஆனால் ஏழு மணி நேரம் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதலாளி எந்த ஊர்க்காரர் என்பதால் கால் வலி குறைந்திருக்காது.

பத்து ஆண்டு கழித்து, 1918இல் அகமதாபாத்தில் இந்திய முதலாளிகளை எதிர்த்தே ஆலைத் தொழிலாளர்கள் நின்றார்கள். கேட்டது 35 சதவீத உயர்வு, முதலாளிகள் சொன்னது 20 சதவீதம். தொழிலாளர் பக்கம் காந்தியும் அனசூயா சாராபாயும். எதிர்ப்பக்கம் முதலாளிகளின் தலைவர் அனசூயாவின் சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய். கூலிச் சண்டைக்கு நிறமும் கிடையாது, ரத்த உறவும் கிடையாது என்று அது காட்டியது.

தூத்துக்குடியில் நடந்தது அதோடு முடியவில்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய குற்றத்தைத் தொடர்ந்து மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். இந்த முறை ஒரு பைசா கூலி உயர்வு கேட்கவில்லை. நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர், வண்டிக்காரர், கசாப்புக் கடைக்காரர் என்று வெவ்வேறு வேலை செய்தவர்களும் சேர்ந்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் நின்றதைப் பற்றி லெனின் எழுதினார் என்று எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் மூத்தது.

ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. அதே ஜூலை மாதக் கடைசியில், ஆடி அமாவாசை அன்றுதான் ஏரலில் சேர்மன் அருணாசலம் மறைந்தார். ஆண்டுதோறும் கூடும் அந்தக் கூட்டம் 1908ஐத் தெரியாமலே நினைவு வைத்திருக்கிறது.

ஒரே வேலையா, வேறு வேலையா?

விடுதலைக்குப் பிறகு கூலிச் சண்டை சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, கூலி என்பது ஒரு குடும்பத்தின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. தலைக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குச் செலவு என்று பட்டியல் போட்டது. அதாவது முதல் கேள்வி "உன் வேலை என்ன?" என்பது இல்லை. "நீ உயிர் வாழ என்ன வேண்டும்?" என்பது.

அடுத்த கேள்விதான் இன்னும் தீரவில்லை. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனால் தெரியும். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதிய அதே உப்பளம். பாத்தியில் வாருபலகை இழுப்பது பெரும்பாலும் ஆண்கள். வாரிய உப்பைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். இருவர் காலும் ஒரே உப்புநீரில், இருவர் கண்ணும் ஒரே வெயிலில். கூலி மட்டும் வேறு வேறாக இருந்து வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது வேற வேலை, இது வேற வேலை."

1976இன் சம ஊதியச் சட்டம் "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை"க்குச் சம கூலி என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் 1951இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாக்கி, 1958இல் இந்தியா ஏற்றுக்கொண்ட 100ஆவது உடன்படிக்கை சொல்வது வேறு: "சம மதிப்புள்ள வேலை"க்குச் சம ஊதியம். ஒத்த வேலை, சம மதிப்புள்ள வேலை. கேட்க ஒன்றுபோல இருக்கும். உப்பளத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு பெண்ணின் வாழ்நாள் கூலி வித்தியாசம் இருக்கிறது. வேலையைப் பிரித்துப் பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் கூலியையும் பிரித்துவிடலாம்.

இது இங்கே மட்டும் உள்ள நோய் இல்லை. 1968இல் இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். தையல் 'குறைந்த திறமை வேலை' என்று நிர்வாகம் வகைப்படுத்தியிருந்தது. அவர்கள் போராட்டத்தால் 1970இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டமே வந்தது. ஆனால் தையலும் திறமையான வேலைதான் என்ற அந்தத் தரம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல். சட்டம் வாங்க இரண்டு ஆண்டு, மரியாதை வாங்கப் பதினாறு ஆண்டு.

வயற்காட்டில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வைத்தார்கள். நடவுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டுக்கு ஒரு கூலி என்று பழகிய ஊர்களில் இது சாதாரண விஷயம் இல்லை. 2021இல் தமிழக அரசு, மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அதுவும் பழைய கேள்வியின் தொடர்ச்சிதான்: வேலை நடக்காத மூன்று மாதப் பசிக்கு யார் பொறுப்பு?

கடைசியாக...

வ.உ.சி. கோவைச் சிறையில் சணல் உரிக்கும் இயந்திரத்தைச் சுற்றிக் கை கிழிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கில் பூட்டினார்கள். கூலிக்காகப் பேசியவர் கூலியில்லாத வேலையில் தண்டனையைக் கழித்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் உரிமை இல்லை. நாற்பது வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கொற்கையில் முத்து எடுத்தவர்களும் கைதிகள். செக்கிழுத்தவரும் கைதி. நடுவே ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள். இந்தக் கரையில் கூலி எப்போதாவது உயர்ந்திருக்கிறது என்றால், வேலையின் கஷ்டத்தைப் பார்த்து யாரோ மனமிரங்கி உயர்த்தியதாக வரலாற்றில் இல்லை. வேலை செய்தவர்கள் ஒன்றாக நின்றபோது உயர்ந்தது. பக்கத்து வேலைக்காரனும் கூட நின்றபோது நிலைத்தது.

குவியலைச் சமமாகப் பிரிக்க எல்லோருக்கும் தெரியும். எத்தனை குவியல் யாருக்கு என்று கேட்பதுதான் அரசியல். அந்தக் கேள்வி கொற்கையை விட்டுக் கடல்போல விலகிப் போகவில்லை. உப்பளத்திலும் வயலிலும் அது இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.